உலகத்துக்கே இரண்டு விமானக் கம்பெனி: போட்டியின் காசு யார் பைக்குப் போகிறது?

கோத்தகிரிப் பக்கமிருந்து, பொருளாதாரம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. "எங்கள் தோட்டத்துத் தேயிலையை வாங்கச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஃபேக்டரிகள் இருக்கின்றன, ஆனாலும் எல்லாரும் ஏறத்தாழ ஒரே விலைதான் தருகிறார்கள். பெரிய பயணிகள் விமானம் செய்வது உலகத்திலேயே ஏர்பஸ், போயிங் என்று இரண்டே பேர். அங்கே மட்டும் போட்டி எப்படி இருக்கும்? இருந்தால் யாருக்கு லாபம்? கோவையிலிருந்து ஷார்ஜா போகிற என் அக்காவின் டிக்கெட் விலையில் அது தெரியுமா? நம் பக்கம் வேலை ஏதாவது வருமா?"

நான் குன்னூர்க்காரன். ஒரு விமான நிறுவனத்தின் குத்தகைக் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். விமானம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால் வேறு ஆளைத்தான் கைகாட்டுவேன், அதை யார் என்ன நிபந்தனையில் வாங்குகிறார்கள் என்றால் கொஞ்சம் பேசலாம்.

முதல் கேள்விதான் நல்ல கேள்வி. பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும், மறுநாள் வரை சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அதனால் லீஃப் ஏஜென்ட் (இலை வாங்கும் இடைத்தரகர்) வண்டி வந்து நிற்கும்போது அவர் சொல்கிற விலைக்கு உங்கள் அப்பா தலையாட்டித்தான் ஆக வேண்டும். வாங்குகிறவர்கள் ஐம்பது பேர் இருந்தாலும் அவசரம் உங்கள் பக்கம். விமானச் சந்தையில் நாற்பது வருடத்துக்கு மேல் அவசரம் விற்கிறவர்கள் பக்கம் இருந்தது. வாங்குகிற விமான நிறுவனத்துக்குப் பழைய விமானத்தையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டுகிற வசதி உண்டு. தொழிற்சாலையைத் திறந்து வைத்து ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே இரண்டே பேர் இருந்தும் சண்டை கடுமையாக நடந்தது. எத்தனை பேர் விற்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் யாரால் காத்திருக்க முடியும் என்று பாருங்கள், இந்தத் தொழிலில் பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

விற்கிறவருக்கு அப்படி என்ன அவசரம்? புதிதாக ஒரு பெரிய விமானத்தை வடிவமைத்து, சான்றிதழ் வாங்கி, முதல் வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்குள் இன்றைய நிலையில் 1000 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிடும். ஒரு விமானம்கூட விற்காத நிலையில் போட்ட முதல் அது. அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: இதுவரை செய்து முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. முதல் விமானத்துக்கு 100 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51 என்று இறங்கும். இதை இரண்டு பக்கமும் பொருத்திப் பாருங்கள். ஒரு ஆர்டரை எதிராளியிடம் விட்டால் அந்த விற்பனை போவது சின்ன நட்டம்தான். அவருடைய அடக்கவிலை இறங்கிக்கொண்டே போகும், நம்முடையது இறங்காமல் நின்றுவிடும், அடுத்த டெண்டரில் அவர் இன்னும் மலிவாகக் கேட்பார் என்பதுதான் பெரிய நட்டம்.

அப்புறம் விமானிகள். ஏர்பஸ்ஸின் ஏ320 ஓட்டுகிற விமானி மறுநாள் காலையில் போயிங்கின் 737-ல் ஏறி உட்கார முடியாது. தனிப் பயிற்சி வேண்டும், உரிமத்தில் தனிக் குறிப்பு வேண்டும், மெக்கானிக்குகளுக்கும் அப்படியே, உதிரிபாகக் கிடங்கும் சிமுலேட்டரும் வேறு. ஒரு நிறுவனம் முதல் நூறு விமானத்தை யாரிடம் வாங்குகிறதோ அவரிடமே அடுத்த இருபது வருடம் வாங்குகிற வாய்ப்புதான் அதிகம். அதனால் முதல் ஆர்டருக்காக இருவரும் எவ்வளவு வேண்டுமானாலும் குனிவார்கள். 2018-ல் ஏ320-ன் புது வகையான ஏ320நியோவின் பட்டியல் விலை சுமார் 11 கோடி டாலர். அந்த விலையை யாரும் கொடுத்ததில்லை. மொத்தமாக நூறு, இருநூறு என்று வாங்குகிறவர்களுக்குப் பாதி விலையிலும் அதற்குக் கீழேயும் கிடைத்தது என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். இப்போது இரண்டு பேருமே பட்டியல் விலையை வெளியிடுவதை விட்டுவிட்டார்கள். நல்லதுதான், பத்திரிகைக்காரர்கள் அதை விமான எண்ணிக்கையால் பெருக்கித் தலைப்புப் போடுவதாவது நின்றது.

விற்கிறவர் எவ்வளவு தூரம் குனிவார் என்பதற்கு ஏர்பஸ்ஸின் ஆரம்பக் கதையைப் பார்க்கலாம். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து 1970-ல் ஏர்பஸ்ஸைத் தொடங்கின, மறு வருடம் ஸ்பெயின் வந்தது, 1979-ல் பிரிட்டன். முதல் விமானமான ஏ300, 1974-ல் சேவைக்கு வந்தது. நம் இந்தியன் ஏர்லைன்ஸ்கூட 1976-லேயே அதை ஓட்டத் தொடங்கிவிட்டது. ஆனாலும் விற்பனை படுத்துவிட்டது. ஒன்றரை வருடம் போல ஆர்டரே இல்லாமல், செய்து முடித்த விமானங்கள் பிரான்சில் ஏர்பஸ் ஆலை இருக்கும் துலூஸில் வாங்க ஆளில்லாமல் நின்றன. அப்போது அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்குத் தலைவராக இருந்தவர் ஃபிராங்க் போர்மன், அப்பல்லோ 8-ல் நிலவைச் சுற்றி வந்த அதே போர்மன்தான். அவரிடம் ஏர்பஸ் நான்கு விமானங்களை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இலவசமாகவே கொடுத்தது. ஓட்டினார், எரிபொருள் மிச்சமானதைப் பார்த்தார், 1978-ல் 23 விமானம் வாங்கினார். ஏர்பஸ் அமெரிக்காவுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இலவசமாகக் கொடுக்கக் காசு எங்கிருந்து வந்தது? அரசுகளிடமிருந்து. புதிய விமானம் செய்ய அரசு கடன் கொடுக்கும், ஒவ்வொரு விமானம் விற்கும்போதும் அதில் ஒரு பங்காகத் திருப்பிக் கட்டலாம், விற்காவிட்டால் கட்ட வேண்டியதில்லை. எந்த வங்கி இப்படிக் கடன் தரும்? போயிங் இதைத்தான் பல வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தது. போயிங் ஒன்றும் சுத்தம் கிடையாது, அதற்கு ராணுவ, விண்வெளி ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் வழியாகவும் வாஷிங்டன் மாநில வரிச்சலுகை வழியாகவும் உதவி வந்தது.

பொருளாதாரம் படிக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். 1980-களில் பிராண்டர், ஸ்பென்சர் என்ற இரு கனடா பேராசிரியர்கள் கிளப்பிவிட்ட வாதத்தை, பின்னாளில் நோபல் வாங்கிய பால் குரூக்மன் இந்த இரண்டு கம்பெனிகளை வைத்தே விளக்கினார். சந்தையில் ஒருவருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் இறங்கினால் 100 லாபம், இருவரும் இறங்கினால் ஆளுக்கு 5 நட்டம். ஐரோப்பா தன் ஆளுக்கு 10 மானியம் தருகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தால், எதிராளி இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இவருக்கு லாபம், ஆகவே இவர் எப்படியும் இறங்குவார். அது தெரிந்தால் எதிராளி ஒதுங்குவார். 10 செலவழித்து 110 சம்பாதித்தாயிற்று. காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. நிஜத்தில் போயிங் ஒதுங்கவில்லை. ஒதுங்கியவர்கள் மற்ற இரண்டு அமெரிக்கர்கள். லாக்ஹீட் எல்1011 டிரைஸ்டாரும் மெக்டோனல் டக்ளஸின் டிசி-10-உம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே நேரத்தில், ஒரே வாடிக்கையாளர்களைத் துரத்தின. இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் பிழைத்திருக்கும். டிரைஸ்டார் 250 விமானத்தோடு முடிந்தது, 1981-ல் லாக்ஹீட் பயணிகள் விமானத் தொழிலையே விடுவதாக அறிவித்தது. மெக்டோனல் டக்ளஸ் 1997-ல் போயிங்குக்குள் கரைந்தது. ஆக ஐரோப்பிய வரிப்பணம் போயிங்கைத் துரத்தவில்லை, அதற்கு இன்னொரு போட்டியாளரை விழுங்குகிற வாய்ப்பை வேண்டுமானால் உண்டாக்கியது.

மானியம் கொடுத்தால் ஏர்பஸ் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊட்டி எச்.பி.எஃப். கதையைப் பாருங்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கி, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967-ல் பிலிம் உற்பத்திக்கு வந்தது. ஏர்பஸ்ஸைப் போலவே பெரிய முதலீடு, நுட்பமான வேலை, அரசுப் பணம், தூய்மையான மலைக்காற்றுக்காகவே ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்து நகரில் அந்தக் கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது விற்றது பெரும்பாலும் இறக்குமதி வரிச்சுவருக்கு உள்ளே இருந்த சந்தைக்கு, அதிலும் எக்ஸ்ரே பிலிமுக்கு அரசு மருத்துவமனைகள் என்ற நிச்சயமான வாடிக்கையாளருக்கு. சுவர் இறங்கியதும் வெளிநாட்டு பிலிம் உள்ளே வந்தது, 1990-களிலேயே நலிந்த ஆலையாகிவிட்டது, டிஜிட்டல் மிச்சத்தை முடித்தது. டிஜிட்டல் வந்ததால்தான் செத்தது என்று ஊரில் சொல்வார்கள், வரிசையைப் பார்த்தால் அது அதற்கு முன்பே படுத்துவிட்டது. ஏர்பஸ் அரசுப் பணத்தை வாங்கிக்கொண்டு எதிராளியின் வீட்டு வாசலில் போய், அமெரிக்க நிறுவனத்திடம் விற்க வேண்டியிருந்தது. அரசு காசு கொடுத்தது, வாடிக்கையாளரைக் கொடுக்கவில்லை. என் பார்வையில் மானியத்தின் அளவைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

மானியச் சண்டை கடைசியில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 1992-ல் இரு தரப்பும் போட்டுக்கொண்ட உடன்பாட்டை 2004-ல் அமெரிக்கா கைவிட்டு வழக்குப் போட்டது, ஐரோப்பா பதில் வழக்குப் போட்டது. 2019-ல் ஆண்டுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்கு வரி போட அமெரிக்காவுக்கு அனுமதி, 2020-ல் 400 கோடி டாலர் மதிப்புக்கு ஐரோப்பாவுக்கு அனுமதி. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா முதலில் விமானத்துக்குப் போட்டது 10 சதவீதம், ஸ்காட்லாந்து விஸ்கிக்கும் சீஸுக்கும் ஆலிவுக்கும் 25 சதவீதம். விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சீஸ் வியாபாரி இவர்கள் சண்டைக்குத் தண்டம் கட்டினார். ஐரோப்பா பதிலுக்கு அமெரிக்க டிராக்டர், ரம் என்று போனது. 2021 ஜூனில் ஐந்து வருடத்துக்கு நிறுத்தி வைப்போம் என்று கை குலுக்கிக்கொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் எந்த விமானமும் ஒரு ரூபாய் மலிவாகவில்லை.

சரி, தள்ளுபடியில் கிடைத்த காசு எங்கே போனது? இது என் பழைய வேலை, அதனால் கொஞ்சம் ருசித்துச் சொல்கிறேன். 2005-ல், இன்னும் ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத இண்டிகோ, பாரிஸ் விமானக் கண்காட்சியில் 100 ஏ320-க்கு ஆர்டர் போட்டது. மொத்த ஆர்டருக்கு நல்ல தள்ளுபடி. விமானம் தயாராகி வருகிற நாளில் அதைக் குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலைக்கு விற்றுவிட்டு, அதே விமானத்தை மாத வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடி விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் கையில் ரொக்கமாக வந்துவிடும். ஒரு விமானத்துக்குச் சில பத்து லட்சம் டாலர் என்றாலும் நூறு விமானத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். புது விமானத்தை ஆறேழு வருடம் ஓட்டிவிட்டு, பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த புதியது. டிக்கெட்டை மலிவாக விற்றும் நிறுவனம் தாக்குப்பிடித்தது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக ஏர்பஸ்-போயிங் போட்டியின் ஒரு துண்டு நிச்சயமாகப் பயணிகளிடம் வந்து சேர்ந்தது. வாங்கியவருக்கும் குத்தகைக்காரருக்கும் பயணிக்கும் பங்கு கிடைத்தது. தயாரித்த இரண்டு பேரும் தங்களுக்குள் விலையை வெட்டிக்கொண்டு மெல்லிய லாபத்தில் ஓட்டினார்கள்.

போட்டி எப்போதும் புத்தியாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. போயிங்கின் ராட்சத 747-க்குப் பதிலடியாக ஏர்பஸ் 2000 டிசம்பரில் ஏ380-ஐ அறிவித்தது. ஆயிரத்துக்கு மேல் தேவைப்படும் என்று நம்பினார்கள். 2007-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறக்கத் தொடங்கி 2021 கடைசியில் 251-வது விமானத்தோடு முடிந்தது, ஏறக்குறையப் பாதியை ஒரே எமிரேட்ஸ் வாங்கியது. எதிராளியிடம் மட்டும் ஒரு பொருள் இருக்கிறதே என்ற வேகத்தில் போட்ட முதல் அது. பயணிகளுக்கு அருமையான விமானம், சத்தமே கேட்காது, போட்ட காசு மட்டும் திரும்பி வரவில்லை.

இதைவிடக் கசப்பான கதை 737 மேக்ஸ். 2010 டிசம்பரில் ஏர்பஸ் தன் பழைய ஏ320-ல் புது என்ஜின் மாட்டி, 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று ஏ320நியோவை அறிவித்தது. போயிங் அதுவரை 737-க்குப் பதிலாக அடியோடு புதிய விமானம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. 2011 ஜூலையில், பல வருடமாகப் போயிங்கிடமே புது விமானம் வாங்கி வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 விமானத்தை ஏர்பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு 200-ஐ மட்டும் போயிங்குக்கு வைத்தது. யோசிக்க நேரமில்லை. அடுத்த மாதமே 1967-ல் முதலில் பறந்த அதே 737-ல் புது என்ஜின் மாட்டுவதாக முடிவு. பெரிய என்ஜினைத் தாழ்வான இறக்கைக்குக் கீழே பொருத்த இடம் போதவில்லை, முன்னே தள்ளி ஏற்றினார்கள், அதனால் பறப்பதில் மாறிய குணத்தைச் சமாளிக்க, மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் எம்காஸ் என்ற மென்பொருள் வந்தது.

இங்கேதான் பொருளாதாரம் படிக்கிறவர் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸோடு போயிங் போட்ட ஒப்பந்தத்தில், பழைய 737 விமானிகளுக்கு மேக்ஸுக்காகச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் வீதம் தள்ளுபடி தருவதாக ஒரு நிபந்தனை இருந்தது, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. பயிற்சி வேண்டாம் என்பதே விற்பனை உத்தி ஆகிவிட்டதால், புது மென்பொருளைப் பற்றி விமானிகளிடம் விளக்கமாகச் சொல்வதே கம்பெனிக்குச் செலவு வைக்கிற விஷயமாக மாறியது. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் என்று இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்தன, மொத்தம் 346 உயிர். அமெரிக்காவில் 20 மாதம், இந்தியாவில் 2021 ஆகஸ்ட் வரை அந்த விமானம் தரையில் நின்றது. போட்டிதான் இதற்குக் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே போட்டியில் இருந்த ஏர்பஸ் இதைச் செய்யவில்லை. 2013-லிருந்து ஆறு வருடத்தில் போயிங் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவழித்தது சுமார் 4300 கோடி டாலர். புது விமானம் செய்யக் காசில்லை என்று அந்தக் கம்பெனி சொல்ல முடியாது. வேகம் போட்டியிலிருந்து வந்தது, மூடி மறைத்தது அவர்களுடைய சொந்த வேலை.

இப்போது நிலைமை மாறிவிட்டது, இதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். 2024-ல் ஏர்பஸ் ஒப்படைத்தது 766 விமானம், வருடக் கடைசியில் கையில் நின்ற ஆர்டர் 8600-க்கு மேல். அதாவது இந்த வேகத்தில் பதினோரு வருட வேலை. போயிங் அதே வருடம் 348 தான் கொடுத்தது. வருடத் தொடக்கத்தில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவுப் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது, அமெரிக்க விமான ஆணையம் மாதம் 38 மேக்ஸுக்கு மேல் செய்யக்கூடாது என்று கட்டிப்போட்டது, இலையுதிர் காலத்தில் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம். போயிங் தள்ளாடுகிறதே, ஏர்பஸ் எல்லா ஆர்டரையும் அள்ளிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். அள்ள முடியாது, செய்து கொடுக்க ஆளும் பாகமும் இல்லை. ஏர்பஸ்ஸிடம் இன்று போய்க் கேட்டால் 2030-க்குப் பிறகு தேதி கொடுப்பார்கள். அதனால் போயிங்கின் வரிசையை விட்டு யாரும் வெளியே வர முடியவில்லை. அவசரம் இப்போது வாங்குகிறவர் பக்கம் வந்துவிட்டது. 2023-ல் ஏர் இந்தியா 470, அதில் 250 ஏர்பஸ், 220 போயிங்; சில மாதத்தில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500. இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில், வரிசையில் துண்டு போடுகிறார்கள். பெயருக்கு இரண்டு கம்பெனி இருந்தாலும் தொழிற்சாலைகள் நிரம்பி வழியும்போது இரண்டு பேருக்கும் விலை குறைக்கக் காரணம் இல்லை. பேரம் இப்போது விலையில் நடப்பதைவிடத் தேதியில் நடக்கிறது.

என்ஜின்காரர்களையும் மறந்துவிடக்கூடாது. மேக்ஸுக்கு ஒரே என்ஜின், ஜிஇ-யும் பிரான்சின் சாஃப்ரானும் பாதிப் பாதியாக நடத்தும் சிஎஃப்எம் செய்வது. நியோவுக்கு அதுவும் உண்டு, பிராட் அண்ட் விட்னியும் உண்டு. என்ஜினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இருபது வருடம் உதிரிபாகத்திலும் பழுதுபார்ப்பிலும் சம்பாதிப்பது அவர்கள் வழக்கம். பிராட்டின் என்ஜினில் உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது 2023-ல் தெரியவந்து உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையிறங்கின, இண்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் எழுபதுக்கு மேல். கோ ஃபர்ஸ்ட் அந்த வருடம் மே மாதம் திவால் மனு போட்டபோது என்ஜின் கிடைக்காததைத்தான் காரணமாகச் சொன்னது. அவர்கள் நிர்வாகத்தில் வேறு ஓட்டைகளும் இருந்தன, அது தனிக் கதை.

மூன்றாவது ஆள் வந்தால்? வந்து பார்த்தார். கனடாவின் பம்பார்டியர் சி சீரிஸ் என்ற நல்ல சின்ன விமானம் செய்தது. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் 2016-ல் 75-க்கு ஆர்டர் கொடுத்ததும் போயிங் புகார் கொடுத்தது, அமெரிக்க வணிகத்துறை 300 சதவீதத்தை நெருங்கும் வரியை அறிவித்தது. பம்பார்டியர் அந்தத் திட்டத்தின் பெரும்பங்கை ஏர்பஸ்ஸிடம் கொடுக்க ஒப்புக்கொண்டது, விமானம் பின்னாளில் ஏ220 என்று பெயர் மாறியது. 2018 தொடக்கத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையமே போயிங்குக்குப் பாதிப்பில்லை என்று நான்குக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. எதிராளியை அடிக்கப் போய் இன்னொரு எதிராளிக்குப் பரிசு கொடுத்த கதை. சீனாவின் கோமாக் சி919, 2023-ல் சேவைக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் என்ஜினும் சிஎஃப்எம் தான். 2025-ல் அமெரிக்கா என்ஜின் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்திப் பிறகு விட்டது. பூட்டுச் சாவி அமெரிக்காவிடம் இருக்கும்வரை கோமாக் விலை குறைத்து உலகத்தைக் கலக்கும் என்று நான் நம்பவில்லை.

அக்காவின் ஷார்ஜா டிக்கெட்டுக்கு வருவோம். விமானத்தின் விலை அதில் ஒரு பகுதிதான், எரிபொருள் அதைவிடப் பெரிது. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராமல் உள்நாட்டுப் பயணத்துக்கு மாநில வாட் வரியில்தான் இருக்கிறது. வெளிநாட்டுத் தடத்தில் இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே வாரத்துக்கு இத்தனை இருக்கை என்று இரு அரசுகளும் போட்ட உச்சவரம்பு இன்னொரு பூட்டு. அதற்கு மேல், கோவையிலிருந்து அந்தத் தடத்தில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். உள்நாட்டிலும் இண்டிகோ ஒன்றே அறுபது சதவீதத்துக்கு மேல், ஏர் இந்தியா குழுமத்தைச் சேர்த்தால் தொண்ணூறை ஒட்டி வந்துவிடும். புது விமானத்தின் 15 சதவீத எரிபொருள் மிச்சம் டிக்கெட்டில் இறங்குமா நிறுவனத்தின் லாபத்தில் தங்குமா என்பதை முடிவுசெய்வது அந்தத் தடத்தில் இருக்கும் போட்டிதான், ஏர்பஸ்ஸின் துலூஸுக்கும் போயிங்கின் சியாட்டிலுக்கும் நடக்கும் போட்டி அந்தளவுக்குக் கீழே எட்டாது. ஓணம், கிறிஸ்துமஸ், ரம்ஜான் நேரத்தில் விலை ஏறுகிறதே, அதற்கு ஏர்பஸ்ஸைத் திட்டிப் பயனில்லை.

வேலை விஷயத்தில் நல்ல சேதி இருக்கிறது. விலையை வெட்டிக்கொண்ட இரண்டு பேரும் செலவைக் குறைக்கப் பாகங்களை வெளியே செய்யக் கொடுத்தார்கள், இவ்வளவு விமானம் வாங்குகிற நாடு என்பதால் அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. பெங்களூர் ஹெச்.ஏ.எல். பல வருடம் ஏ320-ன் கதவு செய்து கொடுத்திருக்கிறது, டைனமாடிக் இறக்கை மடல் பாகங்கள் செய்கிறது, பெலகாவியில் ஏக்வஸ், ஹைதராபாத்தில் டாடாவும் போயிங்கும் சேர்ந்து 737-ன் வால் துடுப்பு. இரண்டு பேரும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இந்தியாவில் பாகம் வாங்குவதாக அவர்களே சொல்கிறார்கள். நீலகிரியில் ஆலை வராது. ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதியும் மலைப்பாதையும் சேர்ந்து அதற்கு வழி விடாது, விடவும் வேண்டாம். கோவையும் ஓசூரும் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கின்றன, மோட்டார் பம்பும் ஜவுளி இயந்திரமும் செய்து பழகிய பட்டறைகளில் சில விமானப் பாகத்துக்கு மாறுகின்றன. அங்கே தடையாக நிற்பது இயந்திரம் கிடையாது, ஏஎஸ்9100 என்ற தரச் சான்றிதழும் அதற்கான ஆவண வேலையும்தான்: ஒரு போல்ட் எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது, யார் எப்போது அளந்தார் என்று இருபது வருடம் கழித்தும் காட்ட வேண்டும். அந்த ஆவணம் பார்க்கவும் அளந்து சோதிக்கவும் தெரிந்த ஆட்கள் போதவில்லை. பொருளாதாரம் படித்தவருக்கும் அங்கே கொள்முதல், விலை நிர்ணயம், ஒப்பந்தம் என்று இடமுண்டு. கல்லூரித் திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் உலக வர்த்தக அமைப்பு வழக்கை எடுக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்தச் சவுத்வெஸ்ட் ஒப்பந்தத்தின் 10 லட்சம் டாலர் நிபந்தனையை எடுத்து, விசாரணை அறிக்கையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். விற்று வாடகைக்கு எடுக்கிற கணக்கைப் புதிய கணக்கியல் விதிகளில் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பது வேண்டுமென்றால் கேளுங்கள், எண்களோடு தனியாகப் போட்டுக் காட்டுகிறேன்.